நிலத்தைக் கொடுத்தவர் தம்மையும் கொடுத்தார்



பர்னபாவை வேதம் முதன்முதலில் நமக்குக் காட்டுவது, காணிக்கை கொடுக்கிற ஒருவராகத்தான். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியரான அவர், தம் நிலத்தை விற்று, அந்தப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார் (அப். 4:36,37). அது நல்ல ஆரம்பம். ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. விசுவாசத்தில் இளையவர்களுக்கு அவர் துணைநின்ற விதத்தை இந்த மாதம் தியானிப்போம்.

1. பிறர் பயந்தபோது சேர்த்துக்கொண்டார்

மனந்திரும்பிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பவில்லை. வீடுவீடாய் நுழைந்து விசுவாசிகளைச் சிறையில் அடைத்தவரை எப்படி நம்புவது? பர்னபாவோ அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்று, தமஸ்குவுக்குப் போகும் வழியில் நடந்ததை எடுத்துச் சொன்னார் (அப். 9:26,27). தம் நற்பெயரையே அவருக்குப் பிணையாக வைத்தார் எனலாம்.

2. தேடிப்போய்க் கூடவே இருந்தார்

அந்தியோகியாவில் சபை பெருகியபோது பர்னபா தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்தார். இருவரும் ஒரு வருஷம் முழுவதும் சேர்ந்து போதித்தார்கள் (அப். 11:25,26). ஆவிக்குரிய வழிகாட்டுதல் ஒருநாள் கூட்டத்தோடு முடிகிற காரியமல்ல. கூடவே இருந்து, கூடவே உழைத்துக் கற்றுக்கொடுப்பது. பின்பு பவுலின் பெயர் முன்னுக்கு வந்தது. அதற்காகப் பர்னபா முறுமுறுத்ததாக வேதத்தில் நாம் வாசிப்பதில்லை.

3. பின்வாங்கியவரைக் கைவிடவில்லை

முதல் ஊழியப் பயணத்தில் மாற்கு பாதிவழியில் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டாம் என்றார் பவுல். பர்னபா ஒத்துக்கொள்ளவில்லை, மாற்குவைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார் (அப். 15:37-39). வருஷங்கள் கடந்தபின், அதே பவுல் தம் கடைசி நிருபத்தில், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவர் என்று எழுதி, அவரை அழைத்துவரச் சொல்கிறார் (2 தீமோ. 4:11). இரண்டாம் சுவிசேஷம் இன்று மாற்குவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மிஷன் மருத்துவமனைகளின் வரலாற்றிலும் இப்படிப்பட்ட சாட்சிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்து படுக்கையானார். இனி டாக்டர் தொழில் ஏது என்ற நிலை. அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், அந்த வேலையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவரை ஊக்கப்படுத்தினார். ஆறுதல் சொன்னதோடு நிற்காமல், கையில் வேலையையும் கொடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ், பிற்பாடு மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை வகித்தார். கை கால் செயலிழந்த அநேகருக்கு அவர் தாமே துணைநின்றார். ஒருவரைத் தூக்கிவிட்ட கை, அவர் மூலமாய் இன்னும் அநேகரைத் தூக்கிவிடுகிறது.

அன்பான பங்காளரே, நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகவும் படுக்கையாகவும் மாறுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் காசோலையால் செய்ய முடியாத ஊழியமும் ஒன்று உண்டு. உங்கள் சபையில் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு புதிய விசுவாசி இருக்கலாம். வீட்டைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் நர்சிங் மாணவி இருக்கலாம். ஒருமுறை தவறியதால் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட வாலிபன் இருக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களோடு வேதம் வாசிக்கவும், பெயர் சொல்லி அவர்களுக்காக ஜெபிக்கவும் உங்களால் கூடும்.

சிந்திக்க:
* என் விசுவாச வாழ்க்கையில் எனக்குப் பர்னபாவாய் இருந்தவர் யார்?
* இன்று நான் யாருக்குப் பர்னபாவாய் இருக்கிறேன்?

கர்த்தர்தாமே இந்த ஊழியத்திலும் உங்களை உபயோகிப்பாராக. ஆமென்.