ஒரே சொல், இரண்டு வேலை

நம் கடைகளில் ‘ஆர்டர்’, ‘ஸ்டாக்’, ‘கிரெடிட்’ என்ற வார்த்தைகள் புழங்காத நாளில்லை. தமிழில் பேசுங்கால் இவற்றைப் பெயராக வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்த்து வினையாக்கி விடுகிறோம். பேச்சுக்கு அது குற்றமில்லை. அதே பழக்கத்தோடு இங்கிலீஷில் கடிதம் எழுத உட்காரும்போதுதான் சங்கடம். அங்கே அந்தச் சொல்லே பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும்.

இது நமக்குப் புதிதன்று. ‘ஒரு கட்டு வெற்றிலை’ என்கிறோம்; ‘மூட்டையைக் கட்டு’ என்கிறோம். எது பெயர், எது வினை என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்துச் சொல்லே காட்டிக் கொடுக்கிறது. இங்கிலீஷிலும் அப்படியே. முன்னால் ‘தி’, ‘யுவர்’ வந்தால் பெரும்பாலும் பெயர். ‘வில்’, ‘ப்ளீஸ்’ வந்தால் வினை. ஆகவே, சரக்கு அனுப்புகிறவருக்கு ‘ப்ளீஸ் ஆர்டர் 20 பேக்ஸ்’ என்று எழுதினால், ‘நீர் 20 மூட்டை ஆர்டர் செய்யும்’ என்று அவருக்கே உத்தரவிட்டதாகும். ‘வி விஷ் டு ஆர்டர்’ என்பதே முறை.

‘கிரெடிட்’ என்னும் சொல்லில்தான் அன்பர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பெயராக வரும்போது அது கடன், தவணை. வினையாக வந்தாலோ வரவு வைத்தல். 500 வெள்ளிச் சரக்கைக் கடனாகக் கேட்க நினைத்து ஒருவர் ‘ப்ளீஸ் கிரெடிட் அஸ் 500’ என்று எழுதினால், அங்குள்ள குமாஸ்தா என்ன நினைப்பார்? 500 வெள்ளியை நம் கணக்கில் வரவு வைக்கச் சொல்கிறோம் என்றுதான். எந்தச் சரக்கு திரும்பி வந்தது என்று ஏட்டைப் புரட்டுவார். பதில் கடிதம் போடுவார். நமக்கு வேண்டிய சரக்கோ குடோனிலேயே கிடக்கும். ‘ப்ளீஸ் கிவ் அஸ் 30 டேஸ் கிரெடிட்’ என்று எழுதிவிட்டால் 30 நாள் தவணை என்பது விளங்கிவிடும்.

‘ஸ்டாக்’ இன்னொரு விதம். ‘வி ஹேவ் ஸ்டாக்’ என்றால் இப்போது கையில் சரக்கு இருக்கிறது. ‘வி ஸ்டாக் பாஸ்மதி’ என்றால் வழக்கமாக அதை வைத்து விற்கிறோம். இன்று தீர்ந்து போயிருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. வாங்க வருகிறவர் முதலாவதைத்தான் கேட்கிறார்.

சில சொற்களில் உச்சரிப்பும் மாறும். ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ இரண்டும் பெயரானால் அழுத்தம் முதல் அசையில். வினையானால் பெரும்பாலும் இரண்டாவதில். தமிழில் ‘சுடு’ நீண்டு ‘சூடு’ என்ற பெயராவதை இதற்கு ஒப்பிடலாம்.

எழுத்து மாறுவதும் உண்டு. பாங்கியிலிருந்து வரும் ‘அட்வைஸ்’ சீட்டு பெயராதலால் ‘சி’ எழுத்து. நமக்கு அறிவிக்கும்படி கேட்டால் அது வினை, ‘எஸ்’ எழுத்து. ‘லைசென்ஸ்’ என்பதிலும் பிரிட்டிஷ் வழக்கு அதுவே. அமெரிக்கரோ லைசென்ஸுக்கு இரண்டிடத்தும் ‘எஸ்’ போடுவர். அங்கிருந்து வரும் கடிதங்களில் அதைக் கண்டு பிழையென எண்ண வேண்டாம்.