ஜீப்புக்கு ஜீப் எஞ்சின் மாற்றும்போது

பாடி துருப்பிடித்த மஹிந்திரா ஜீப் ஒன்று, எஞ்சின் படுத்துவிட்ட ஜீப் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்க நினைத்தால், எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் பிரிக்காமல் ஒரே கோர்வையாகச் செயின் பிளாக்கில் தூக்குங்கள். பிரித்தால் தலைவலிதான்.

ஆக்ஸிலில் ஒன்றை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முன்னும் பின்னும் கிரவுன்-பினியன் விகிதம் ஒன்றா என்று பார்த்தே ஆக வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரத்தை 2 முழுச் சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்தும் கொஞ்சமும் வந்தால், அடுத்த ஆக்ஸிலிலும் அதே ‘கொஞ்சம்’ வர வேண்டும். இல்லாவிட்டால் தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டதும் இரண்டு ஆக்ஸிலும் மல்லுக்கட்டும்.

ஷாஃப்ட் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போதே அளக்கவும்; தொங்கவிட்டால் பட்டை ஸ்பிரிங் இறங்கி அளவு பொய் சொல்லும்.

எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதியை (1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52) ஸ்பேனரைத் தொடுமுன் வாங்கிவிடுங்கள்.