பல தளங்களுக்கு ஒரே அடையாளம்: கெடா குடும்பங்களுக்கு எது பொருந்தும்?

சுங்கை பட்டாணியிலோ பீடோங் தோட்டப்புறத்திலோ வாழும் குடும்பத்துக்கு இணையத்தில் வேலை நிறைய உண்டு. ஊழியர் சேமநிதிக் கணக்கு, ரஹ்மா ரொக்க உதவி, வாகன உரிமம், பிள்ளையின் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். பல தளங்களுக்குள் ஒரே அடையாளத்தால் நுழைய மூன்று வழிகள் உள்ளன. எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: அதை முடக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கைத்தொலைபேசி தொலைந்தால் எப்படி மீட்பது?

கூகள், ஃபேஸ்புக் கணக்கால் நுழைவது மிக எளிது. ஆனால் அந்த நிறுவனம் கணக்கை முடக்கினால், அதை நம்பியிருந்த எல்லாத் தளங்களும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். மீட்பதற்கோ பெரும்பாலும் தொலைபேசி எண்தான் ஆதாரம். பிரீபெய்ட் எண்ணுக்குத் தொடர்ந்து டாப்-அப் செய்யாவிட்டால் அது காலாவதியாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். பல வீடுகளில் அம்மாவின் கணக்கை மகன் தன் எண்ணைக் கொடுத்தே திறந்திருப்பான். அவன் பினாங்குக்கு வேலைக்குப் போய்விட்டால், அம்மா நுழையும்போது கணக்கு குறியீடு கேட்டால், அது பினாங்குக்குத்தான் போகும்.

மைடிஜிட்டல் ஐடி அரசின் வழி. இதை உருவாக்கியது அரசு ஆய்வு நிறுவனமான மிமோஸ். மைகாட் எண்ணையும் முகத்தையும் தேசியப் பதிவிலாகாவின் பதிவோடு ஒப்பிட்டு ஆளை உறுதிசெய்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலிக்குள் இதைக் கொண்டு நுழையலாம். அரசுச் சேவைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இது பரவலாக்கப்பட்ட, அதாவது ஒரே மையத்தைச் சாராத, அடையாளம் அல்ல. உறுதிசெய்யும் இடம் ஒன்றே. பிறப்புப் பதிவு இல்லாமல், அடையாளக் கார்டுச் சிக்கலோடு தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியர்களின் ஆவணச் சிக்கலைத் தீர்க்க 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பதிவிலாகாவில் பெயர் இல்லாதவருக்கு மைடிஜிட்டல் ஐடியால் பயனில்லை. அவர்களுக்கு முதல் வேலை ஆவணம்தான், செயலி அல்ல.

மூன்றாவது வழியில் அடையாளம் பயனர் கையிலேயே இருக்கும். 2005இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய ஓப்பன்ஐடியில் ஒருவரின் இணைய முகவரியே அவருடைய அடையாளமாக இருந்தது. சொந்தத் தளத்தின் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால், சரிபார்க்கும் வேலையை வேறொரு சேவையிடம் ஒப்படைக்க முடிந்தது. 2014 பிப்ரவரி 1 அன்று, அப்படிச் சரிபார்த்துத் தந்த மைஓப்பன்ஐடி சேவை மூடப்பட்டபோது அந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. அதன் முகவரியையே அடையாளமாக வைத்திருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. சொந்த முகவரி வைத்திருந்தவர்கள் அந்த வரிகளை மாற்றினால் போதுமாக இருந்தது. இதே வழியில், பரவலாக்கப்பட்ட அடையாளங்களுக்கான தரத்தை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2022 ஜூலையில் வெளியிட்டது. சுதந்திரத்தில் இதுவே சிறந்தது. ஆனால் ஏற்கும் தளங்கள் குறைவு. சாவியைத் தொலைத்தால் மீட்டுத்தர அலுவலகமும் இல்லை. சொந்தத் தளம் நடத்தும் எழுத்தாளருக்கும் நிரலாளருக்கும் ஏற்றது, மற்றவர்கள் காத்திருக்கலாம்.

வங்கிக் கணக்கை இவற்றோடு கலக்கக் கூடாது. குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படியும், ஒருவருக்கு ஒரே கருவியை மட்டும் அனுமதிக்கும்படியும் பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பாதுகாப்பு தனியாகவே இருக்கட்டும்.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசு வேலைக்கு மைடிஜிட்டல் ஐடி, வங்கிக்கு வங்கியின் செயலி, முக்கியமில்லாத தளங்களுக்கு மட்டும் கூகள் என்பதே சரியான தேர்வு. கூகள் தரும் மீட்புக் குறியீடுகளை இன்றே தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள்.