கடற்செய்தியும் அதன் உறுதிப்பாடும்

நடுக்கடலிற் செல்லுங் கப்பலுக்குக் கரையோடு பேச வானலையையன்றி வேறு வழியில்லை. அவ்வலையோ இடிமின்னலாலும் பிற நிலையங்களின் ஒலியாலும் சிதைவுறும் இயல்பினது. மூழ்கிய கலமொன்று கிடக்குமிடத்தைக் குறிக்கும் எண்களுள் ஒன்று மாறினும், மாலுமி அவ்விடத்தை விலக்காது அதனை நோக்கியே செல்லுதல் கூடும். ஆதலின், செய்தி செல்லுதல் வேறு, உறுதியாகச் சேர்தல் வேறு. இவ்வுறுதி எவ்வாறு எய்தப்படுகின்றது என்பதையே நாம் ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, பிழையை அறிதல். கப்பல்களுக்குரிய வானொலித் தட்டச்சு முறையில் ஒவ்வோர் எழுத்தும் 7 குறிகளால் ஆயது. குறிகள் இருவகைப்படும், எவ்வெழுத்திலும் ஒருவகை 4, மற்றையது 3 ஆகவே அமையும். வழியில் ஒரு குறி மாறின் இத்தொகை கெடும். கெடவே, பெறுங் கருவி பிழையை அறியும். இரு குறிகள் எதிரெதிராக மாறின் தொகை கெடாதாகலின் அப்பிழை மறைந்து நிற்கும். இஃது இம்முறையின் குறைபாடு.

இரண்டாவது, பிழையைத் திருத்தல். கரை நிலையமும் ஒரு கப்பலும் தம்முட் பேசுங்கால், மும்மூன்று எழுத்துகளாக அனுப்பி மறுமொழிக்குக் காத்திருத்தல் வழக்கம். 'சரி' எனில் அடுத்த மூன்று செல்லும்; அன்றேல் முன்னையவே மீண்டுஞ் செல்லும். பல கப்பல்களுக்கு ஒருங்கே எச்சரிக்கை விடுக்கும் நவ்டெக்ஸ் சேவையில் ஒவ்வொரு கப்பலும் மறுமொழி கூறல் இயலாது. ஆதலின் 518 கிலோஹேட்சில் ஒவ்வோர் எழுத்தும் கால் செக்கனுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் இருமுறை அனுப்பப்படும். கணநேர இரைச்சல் ஒன்றைக் கெடுப்பினும் மற்றையது எஞ்சும். இரண்டுங் கெடின் கருவி அவ்விடத்தில் உடுக்குறியிடுமேயன்றித் தானாக ஓரெழுத்தைப் புனைந்து எழுதாது. தெரியாததைத் தெரிந்தது போல எழுதாமை மாணவர்க்கும் அழகன்றோ!

மூன்றாவது, உரியவரை அடைதல். 1912 ஏப்பிரல் 14 ஆம் நாளிரவு, முன்னே பனிக்கட்டிகள் உள்ளன என்று மெசாபா என்னுங் கப்பல் விடுத்த செய்தியைத் தைட்டானிக்கின் கம்பியில்லாத் தந்தியறை பெற்றது, பெற்றமையும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், அது கப்பலைச் செலுத்திய அதிகாரிகளுக்கு எட்டவில்லை என்பது பின்னர் நிகழ்ந்த பிரித்தானிய விசாரணையின் முடிபு. கப்பல் பனிமலையில் மோதி அபயங் கோரியபோது, அயலில் நின்ற கலிபோர்ணியனின் ஒரே தந்தியாளர் உறங்கச் சென்றிருந்தார். 1,500 இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1999 பெப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடலிடர் காப்பு முறை இவ்விரு குறைகளையும் கருதியே அமைந்தது. அதன்படி கருவியே இடையறாது செவிமடுத்து, அபயக்குறி வந்தவுடன் மணியொலித்து எழுப்பும். அக்கருவி கப்பலைச் செலுத்துமிடத்திலேயே இருக்கும்.

எனவே, பிழையை அறிதல், திருத்தல், உரியவரிடம் சேர்த்தல் என்னும் மூன்றும் நிறைந்த பின்னரே ஒரு செய்தி சேர்ந்ததாகும். முன்னைய இரண்டையும் கருவி செய்யும். மூன்றாவதற்குக் கருவி துணைநிற்பினும், செய்தியைப் படித்து உடனே செயற்படுவது மனிதரின் கடமையேயாம்.