பழைய பிக்கப்பில் இழுவை குறைகிறதா?

பத்து வருடம் லோடு அடித்த டர்போ டீசல் பிக்கப் மேட்டில் திணறினால், உடனே சிப் டியூனிங் கடையைத் தேடாதீர்கள். போன இழுவையை மீட்டாலே பெரும்பாலும் போதும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷன் பார்க்காமல் வேறெதிலும் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

அடுத்து, டர்போவையும் இன்டர்கூலரையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருக்கிறதா? மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் வருகிறதா? காற்று அங்கேதான் கசிகிறது. புது ஹோஸ், நல்ல கிளாம்ப்: குறைந்த செலவில் இதைவிடப் பலன் தரும் வேலை இல்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரையும் டெஸ்ட் பெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

திறந்த கோன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது இழுக்கும். உள்ளே போகும் தூசி டர்போ பிளேடை அரித்துவிடும். சத்தம் போடும் சைலன்சர் காசுக்குக் கேடு.

டீசலைக் கூட்டும் ரீமேப்பில் காலி வண்டி பறக்கும். லோடு ஏற்றி மேடேறும்போது சூடு கூடி டர்போவும் கிளட்சும் அடிவாங்கும். பெரிய எஞ்சின் பூட்டும் யோசனையா? ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பணத்தில் பின் பிரேக் லைனிங்கை மாற்றுங்கள்.