'பிறன்' என்பவர் யார்?

தன்னை நேசிப்பது போலவே பிறரையும் நேசிக்க வேண்டும் என்பது கிறிஸ்துவ நெறியின் தலையாய இரு கட்டளைகளுள் ஒன்றாகும். கேட்பதற்கு எளிது. யாரை நேசிப்பது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் இதையே கேட்கிறார்.

அக்கேள்வியில் வரும் சொல்லை மொழிபெயர்ப்புகள் மூன்று விதமாகத் தருகின்றன. தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் அது 'பிறன்'. அதாவது நான் அல்லாதவன். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'அடுத்திருப்பவர்'. மலாய் விவிலியத்திலோ 'செசாமா'. நம்மை ஒத்தவர் என்பது பொருள். கிரேக்க மூலச் சொல் 'அருகில் உள்ளவர்' என்ற பொருளைத் தருவது.

இயேசு இதற்கு விடையாக ஒரு கதை சொல்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழி, சுமார் 27 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழிறங்கும் வறண்ட மலைப்பாதை. அங்கே கள்வரால் தாக்கப்பட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் அவனைக் கண்டும் விலகிப் போகின்றனர். மூன்றாவதாக வருபவர் சமாரியர். யூதரும் சமாரியரும் மோசேயின் சட்டத்தையே ஏற்றவர்கள் என்றாலும், எந்த மலையில் வழிபடுவது என்பதில் பிரிந்து பகை வளர்த்தவர்கள். அந்தச் சமாரியர் மனமுருகி அருகே செல்கிறார். காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுகிறார். சத்திரத்தில் சேர்த்து இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம்.

கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிவிடுகிறார். விழுந்து கிடந்தவனுக்கு அடுத்திருப்பவராய் நடந்துகொண்டவர் யார் என்று கேட்கிறார். அறிஞரோ 'சமாரியர்' என்ற பெயரைச் சொல்லவில்லை. இரக்கம் காட்டியவர் என்று மட்டும் சொல்கிறார்.

அறிஞரின் கேள்வி அன்புக்கு எல்லை தேடியது. நாமும் அதைக் கேட்கிறோம், "நம்ம ஆளா?" என்று. தமிழ் மாணவருக்குக் கைகொடுப்பது தமிழ்க் கழகத்தின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால், கட்டுமானத் தளத்தில் அடிபட்டு விழுந்தவர் வங்காளதேசத் தொழிலாளி என்று அறிந்ததும் நம் இரக்கம் சற்றுக் குறைகிறதா? ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்திறங்கிய நம் முன்னோரும் இம்மண்ணில் ஒரு காலத்தில் 'பிறர்'தானே!

கதையில் வரும் சமாரியர் தம் இனத்தைத் துறக்கவில்லை. காயம்பட்டவனுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லித் தம் பயணத்தைத் தொடர்கிறார். தமிழராய் இருந்துகொண்டே நாமும் அப்படி நடக்கலாம். விழுந்து கிடப்பவரின் அருகே செல்ல அவருடைய மொழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.