மழை லீவில் எடுக்க வேண்டிய ஸ்க்ரூடிரைவர்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு, ஆபீஸிலும் 'வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் ஒரு முழு நாள் கையில் கிடைக்கிறது. (வீட்டிலிருந்தே வேலை பார் என்றால் அது லீவு இல்லை, அப்படி வேலை பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.) இப்படிப்பட்ட நாளில் ரோபோ செய்யக் கிளம்புகிறவர்கள், ராத்திரி சாப்பாட்டு மேஜை நிறைய ஒயரைப் பரப்பி வைத்துவிட்டுத் திட்டு வாங்குவார்கள். வீட்டில் இருப்பதை வைத்து, விளக்கு வைப்பதற்குள் முடிகிற வேலையாகப் பாருங்கள்.

1. காலையில் முதல் வேலை டவுன்லோட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் இருக்கும்போதே லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, வேண்டிய மென்பொருளையெல்லாம் இறக்கிவிடுங்கள்.

2. மழையில் ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம். சாதாரண நாளில் அண்ணா சாலைப் பக்கம் போகும்போதே 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், எல்இடி, இரண்டு சிஆர்2032 பட்டன் பேட்டரி வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

3. டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா? செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி, போன் திரையில் ஊதா அல்லது வெள்ளைப் புள்ளியாக மின்னும். மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில். மின்னாவிட்டால் பேட்டரி போடும் இடத்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பேட்டரி கசிந்து வெள்ளை பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஒன்றிரண்டு பட்டன் மட்டும் மக்கர் செய்தால் உள்ளே அழுக்கு. ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்.

4. பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட் 'பாதுகாப்பு இல்லை' என்று முரண்டு பிடிப்பதும் இதனால்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். கழற்றிய பட்டன் பேட்டரியை உடனே குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்து.

5. பரணில் கிடக்கும் லேப்டாப்தான் இந்த நாளுக்கு உகந்த சாமான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் என்று கொடுக்காதவரை உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும். வைஃபை, சத்தம், கேமரா மூன்றும் சரியாக இருந்தால் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு நிரந்தரமாகப் போடலாம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் வரும் வேகம், ராம் கூட்டினால்கூட வராது என்பது என் கட்சி. லினக்ஸில் தமிழ்99 கீபோர்டு முறையில் தமிழும் தட்டலாம். அடிப்பக்கம் கழற்றும்போது போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூக்களை ஒரு தாளில் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் ஏறினால் போர்டு போயிற்று. ஆபீஸ் லேப்டாப்பில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்!

6. சால்டரிங் பழக, கெட்டுப்போன சார்ஜரின் ஒயர்த் துண்டுகள் போதும். பலரும் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி, சொட்டாக வைக்கிறார்கள். அது ஒட்டாது. இணைக்க வேண்டிய இரண்டையும் முனையால் இரண்டு விநாடி சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஈயத்தை உருக விடுங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகி, சட்டென்று இறுகும். பளபளவென்று பரவியிருந்தால் நல்ல இணைப்பு, மங்கி உருண்டு நின்றால் டிரை சால்டர். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு பஜ்ஜியைத் தொடுங்கள், கம்பியில் இருப்பது காரீயம்.

7. ஆர்டுயினோ உனோ போர்டு வைத்திருந்தால், அதன் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடியை நேரடியாக மாட்டாதீர்கள். எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டுக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் ஓடும், பத்திரம். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடு போட்டது அது. கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீடு முழுக்க இருக்கின்றன.

8. ஃபேன் ஊர்ந்து சுற்றினால் பெரும்பாலும் கன்டென்சர்தான். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவை வாங்குங்கள், அநேகமாக 2.5 மைக்ரோஃபாரட். பெரிதாகப் போட்டால் காயில் சூடேறும். சுவர் ஸ்விட்சை நம்பாமல் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கை ஈரமாக இருந்தாலோ சுவரில் ஓதம் இருந்தாலோ எலக்ட்ரீஷியன் வரட்டும்.

9. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பெட்டி டிவி, இன்வெர்ட்டர் மூன்றையும் திறக்கக் கூடாது. மைக்ரோவேவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் 2,000 வோல்ட்டை ஒட்டி வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

10. வேலைக்கு நடுவே உப்பிய செல்போன் பேட்டரி கண்ணில் பட்டால் குத்தவோ அமுக்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம். மண் போட்ட தகர டப்பாவில் தனியே வைத்து, மழை விட்டதும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.